பிள்ளை மீது வழக்கு வந்தால்: இளைஞர் நீதிக் குழுமம் பற்றி நாம் அறிய வேண்டியவை



பதினாறு, பதினேழு வயதுப் பையனைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது என்று தகவல் வந்தால், நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு "ஊருக்குத் தெரியக் கூடாது" என்பதுதான். வாப்பா கல்ஃபில் இருப்பார். உம்மாவுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. ஒருவர் வந்து "ஸ்டேஷனில் எனக்கு ஆள் இருக்கு, பணம் கொடுத்து முடித்துவிடலாம்" என்பார். இன்னொருவர் "பையனைக் கொஞ்ச நாள் திருவனந்தபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள்" என்பார். வெட்கத்திலும் பயத்திலும் எடுக்கும் இந்த முடிவுகளால் கடைசியில் பாதிக்கப்படுவது அந்தப் பையன்தான்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கென்று நாட்டுச் சட்டம் தனியாக ஒரு மன்றத்தை அமைத்திருக்கிறது. அதன் பெயர் இளைஞர் நீதிக் குழுமம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கானது நாகர்கோவிலில் இயங்குகிறது. அது எப்படி வேலை செய்கிறது, அதன் முன் நம் பிள்ளைக்கு என்னென்ன உரிமை உண்டு, குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்: பிள்ளையின் வயதைக் காட்டும் சரியான சான்றிதழ் வீட்டில் இருக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே அவன் பக்கத்தில் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

தனி மன்றம் எதற்கு?

ஒரு காலத்தில் உலகம் முழுவதும் சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒரே நீதிமன்றத்தில் நிறுத்தி, ஒரே சிறையில்தான் அடைத்தார்கள். சின்னத் திருட்டுக்காக உள்ளே போன பையன், பெரிய திருட்டைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தான். இதை மாற்ற அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1899ஆம் ஆண்டு சிறுவர்களுக்கான முதல் நீதிமன்றம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இதற்கு முன்கை எடுத்தது சென்னை மாகாணம். 1920இலேயே இங்கே சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. நம் பகுதி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. பிறகு நாடு முழுமைக்கும் 1986இலும் 2000இலும் சட்டங்கள் வந்தன. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் அது அமலில் உள்ளது. 2021இல் அதில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன.

இந்தச் சட்டத்தின் நோக்கம் பிள்ளையைத் திருத்தி, படிப்பிலும் வாழ்க்கையிலும் மறுபடி நிலைநிறுத்துவது. "குற்றவாளி", "கைது", "தண்டனை" போன்ற சொற்களைக்கூட இந்த மன்றம் பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்கிறது.

குழுமத்தில் யார் இருப்பார்கள்?

மூன்று பேர். ஒருவர் முதன்மை நடுவர். அவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். மற்ற இருவர் குழந்தைகள் நலத்தில் அனுபவமுள்ள சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இடம் சாதாரண நீதிமன்றத்தைப் போல இருக்கக் கூடாது, பிள்ளையை அச்சுறுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உயர்ந்த மேடையும் சாட்சிக் கூண்டும் அங்கே கிடையாது. பிள்ளைக்குப் புரியும் எளிய மொழியில் பேச வேண்டும். அவன் சொல்ல விரும்புவதைக் கேட்க வேண்டும். முதல் முறை அவனைப் பார்க்கும்போதே போலீஸ் அவனை அடித்ததா, துன்புறுத்தியதா என்று குழுமம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அதை அங்கே தைரியமாகச் சொல்லலாம்.

முதல் கேள்வி: வயது என்ன?

பையன் எந்த மன்றத்துக்குப் போவான் என்பதை வயதுதான் முடிவு செய்கிறது. மார்க்கக் கடமைகளுக்குப் பருவமடைவது அளவுகோல். நாட்டின் குற்றவியல் சட்டத்துக்கு 18 வயது நிறைவதே அளவுகோல். ஆண், பெண் இருவருக்கும் இதே கணக்கு. சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் பார்க்கப்படும். பதினேழு வயதில் நடந்த காரியத்துக்காக இருபது வயதில் பிடித்தாலும் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கே போக வேண்டும். ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்ததன் விளைவை உணரும் பக்குவம் இல்லாத குழந்தையின் செயலும் குற்றமாகாது.

வயதை எப்படி நிரூபிப்பது? சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசையைச் சொல்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கும் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. அது ஆளை அடையாளம் காட்டுவது, பிறந்த தேதிக்கு ஆதாரமாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கூறியது.

இங்கே நாம் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். சீக்கிரம் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த தேதியை ஒரு வருடம் முன்னே போடுவதும், சீக்கிரம் கல்ஃபுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுப்பதும் நம்மிடையே உண்டு. அன்றைக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றும். பையன் உண்மையில் பதினேழு வயதில் ஒரு வழக்கில் மாட்டும்போது, கூட்டிப் போட்ட அந்த ஒரு வருடம் அவனைப் பெரியவர்களின் சிறைக்கு அனுப்பிவிடும். பள்ளிச் சான்றிலும் பிறப்புச் சான்றிதழிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சட்டப்படி திருத்த இப்போதே விண்ணப்பியுங்கள்.

ஒரு பள்ளிச் சான்று என்ன செய்யும் என்பதற்கு 2023 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்பே சாட்சி. 1994இல் புனேயில் நடந்த கொலை வழக்கு ஒன்றில் மரண தண்டனை பெற்று, 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டின்படி, சம்பவத்தின்போது அவருக்குப் பன்னிரண்டரை வயதுதான். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், எந்த நீதிமன்றத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட வயதுக் கேள்வியை எழுப்பலாம் என்று சட்டம் சொல்வதால்தான் அது நடந்தது. ஆனால் அந்தச் சான்று முதல் நாளிலேயே மன்றத்தின் முன் வந்திருந்தால் அவருடைய இளமை முழுவதும் சிறையில் போயிருக்காது.

போலீஸ் அழைத்துப் போன அன்று

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை விஷயத்தைக் கையாள வேண்டியவர் அவர்தான். நிலையத்துக்குப் போனதும் அவர் யார் என்று கேளுங்கள். பையனின் வயதைச் சொல்லி, பள்ளிச் சான்றின் நகலைக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்றைய தினம் நினைவில் வைக்க வேண்டிய விதிகள் இவை:

பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. போலீஸார் சீருடை இல்லாமல் சாதாரண உடையில்தான் அவனிடம் பேச வேண்டும்.

பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அன்று குழுமம் கூடவில்லை என்றாலும் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம்.

பெற்றோருக்கு உடனே தகவல் தர வேண்டும். எந்தக் குழுமத்தின் முன், எப்போது நிறுத்துவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. "கையெழுத்துப் போட்டால் இப்போதே விட்டுவிடுவார்கள்" என்று யார் சொன்னாலும் போட வைக்காதீர்கள்.

சிறிய குற்றங்களுக்கும் நடுத்தரக் குற்றங்களுக்கும் பொதுவாக முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் குடும்பச் சூழ்நிலை அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். கொடுங்குற்றம் என்றாலோ பெரியவர்களும் சேர்ந்து செய்ததாகக் கூறப்பட்டாலோதான் முதல் தகவல் அறிக்கை. பெரியவர்களோடு சேர்ந்த வழக்கானாலும் பிள்ளையின் விசாரணை தனியாகவே நடக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இதற்கு இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

ஜாமீன்: குடும்பத்தின் கையில் இருப்பது

பெரியவர்கள் வழக்கில் ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விட முடியாத குற்றம் என்று பிரிவு உண்டு. பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு இல்லை. எந்தக் குற்றமானாலும் ஜாமீனில் விட வேண்டும் என்பதே 12ஆம் பிரிவின் பொது விதி. பிணையாள் இல்லாமலும் விடலாம். மறுப்பதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: வெளியே போனால் அறியப்பட்ட குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து வரும், விட்டால் நீதியின் நோக்கமே கெட்டுவிடும். மறுத்தால் காரணத்தைக் குழுமம் எழுத்தில் பதிய வேண்டும்.

இந்த மூன்றையும் கவனித்துப் பாருங்கள். மூன்றுமே பையன் போகப்போகும் வீட்டைப் பற்றிய கேள்விகள். அதனால்தான் பெரியவர் ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்கிறோம். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் உம்மா போகலாம். தாய்மாமாவோ சாச்சாவோ பொறுப்பேற்கலாம். எந்த நேரத்தில் பள்ளிக்குப் போவான், யார் கூட்டிப் போய்க் கூட்டி வருவார், பழைய கூட்டாளிகளிடமிருந்து எப்படி விலக்கி வைப்போம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியவில்லை என்றால், பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்ற வேண்டும். ஏழைக் குடும்பம் என்பதற்காக அவன் உள்ளேயே கிடக்கக் கூடாது.

ஜாமீன் கிடைக்காத பிள்ளைகள் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்படுவார்கள். நம் மாவட்டப் பையன்கள் பெரும்பாலும் திருநெல்வேலியில் உள்ள இல்லத்துக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். பெற்றோர் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். 2022 இறுதியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அங்கிருந்த பணியாளர்கள் கைதானார்கள். அதன் பிறகே மாநிலத்தில் உள்ள இல்லங்களைச் சீர்செய்யப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. உறவுகள் வந்து பார்க்கும் பிள்ளையை யாரும் எளிதில் கைவைக்க மாட்டார்கள்.

பையனை ஒளித்து வைப்பது இந்த இடத்தில்தான் வினையாகிறது. கேரளாவுக்கு அனுப்பப்பட்ட பையன் "தலைமறைவு" என்று பதிவாகிறான். நாளை ஜாமீன் கேட்கும்போது, அவனை ஒளித்த குடும்பத்திடமே அவனை ஒப்படைக்கலாமா என்று குழுமம் யோசிக்கும்.

மூன்று வகைக் குற்றங்கள்

வழக்கு எப்படிப் போகும் என்பது குற்றத்தின் வகையைப் பொறுத்தது.

சிறிய குற்றம்: அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ளவை. சாதாரணத் திருட்டு, கைகலப்பு போன்றவை.

நடுத்தரக் குற்றம்: மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ளவை. ஏழு ஆண்டுக்கு மேல் போகக்கூடியதானாலும், குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு என்று சொல்லப்படாதவையும் இதில் அடங்கும்.

கொடுங்குற்றம்: குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ளவை. கொலை போன்றவை.

பதினாறு வயது நிறையாத பிள்ளை எந்தக் குற்றம் செய்திருந்தாலும் குழுமமே முடிவு செய்யும். பதினாறு முதல் பதினெட்டு வரை உள்ள பிள்ளை மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால் மட்டும், குழுமம் மூன்று மாதத்துக்குள் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அவனுடைய மனநிலை, உடல்நிலை, விளைவை உணரும் திறன், சம்பவச் சூழ்நிலை ஆகியவை அதில் பார்க்கப்படும். குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் உளவியலாளர்களின் உதவியைப் பெற்றாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மதிப்பீட்டின் முடிவில் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்படலாம். அங்கேயும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. இந்தக் கட்டத்தில் நல்ல வக்கீல் உடன் இருப்பது மிக அவசியம்.

நம் குடும்பங்களில் அதிகம் கேட்கப்படும் மூன்று விஷயங்களை இந்த வகைகளோடு சேர்த்துப் பார்ப்போம்.

பைக். லைசென்ஸ் இல்லாத பையன் வண்டி ஓட்டிச் சட்டத்தை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடைக்காது. கல்ஃப் வேலைக்கு டிரைவர் லைசென்ஸ் எவ்வளவு முக்கியம் என்பதை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் இறந்துவிட்டால் பையன் மீது தனியாக வழக்கு வரும். இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கலாம்.

கஞ்சா. ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டுத் தண்டனை உள்ள சிறிய குற்றம். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தபட்சமே பத்தாண்டு, அது கொடுங்குற்றம். "இந்தப் பையை அங்கே கொண்டுபோய்க் கொடு" என்று யாராவது பையனை அனுப்பியிருந்தால், அந்த ஆள் யார் என்று குழுமத்தில் சொல்ல வேண்டும். பிள்ளையைப் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அவரைக் காப்பாற்றப் பையன் வாய்மூடி இருப்பது நட்பாகாது.

காதல் விவகாரம். பதினெட்டு நிறையாத பெண்ணின் சம்மதம் போக்சோ சட்டத்தில் சம்மதமாகவே கருதப்படாது. உடலுறவு நடந்ததாகப் புகார் என்றால் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு. பெண்ணுக்குப் பதினாறு நிறையவில்லை என்றால் இருபதாண்டு. அதாவது பதினேழு வயதுப் பையனுக்கு அது கொடுங்குற்ற வழக்கு. நம் ஆண் பிள்ளைகளிடம் இதை வெட்கப்படாமல் முன்கூட்டியே பேச வேண்டும்.

விசாரணையும் முடிவும்

குழுமத்தின் சார்பில் நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார்; பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் கேட்பார். இரண்டு வாரத்தில் அவர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். குழுமம் எடுக்கும் முடிவில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைப் போலீஸ் என்று நினைத்துப் பயந்து எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் பணக் கஷ்டம், வாப்பாவின் பிரிவு, பையனின் படிப்புத் தடை, போதைப் பழக்கம் எதுவானாலும் உள்ளபடி சொல்லுங்கள். எந்த உதவி தேவை என்பது அதிலிருந்துதான் தெரியும்.

விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும்; தேவையானால் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சிறிய குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கு அதோடு முடிந்துவிடும்.

குற்றம் நடந்தது என்று தெரிந்தால் குழுமம் செய்யக்கூடியவை: அறிவுரை சொல்லிக் கண்டித்து வீட்டுக்கு அனுப்புதல், ஆலோசனை வகுப்பு, சமூக சேவை, அபராதம், பெற்றோர் பொறுப்பில் மூன்று ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாகச் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு. பள்ளிக்குப் போக வேண்டும், தொழில் படிக்க வேண்டும், போதை மறுவாழ்வுச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிடலாம். முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பாஸ்போர்ட்டும் வேலையும் என்ன ஆகும்?

குடும்பங்களை மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் சொல்வது இது: "வழக்குப் பதிவானால் வாழ்நாள் முழுக்க பாஸ்போர்ட் கிடைக்காது." சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 24ஆம் பிரிவின்படி, குழுமத்தில் முடிந்த வழக்கு பிள்ளையின் எதிர்காலத்துக்கு எந்தத் தகுதிக்குறைவும் ஆகாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்து உரிய காலத்தில் ஆவணங்களை அழிக்கவும் வேண்டும். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானால் மட்டுமே இதற்கு விலக்கு. 74ஆம் பிரிவின்படி, முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடவும் கூடாது.

அதே 74ஆம் பிரிவு நம்மையும் கட்டுப்படுத்தும். வழக்கில் உள்ள பிள்ளையின் பெயர், படம், பள்ளி, வீட்டு முகவரி ஆகியவற்றை எந்த வழியிலும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மஹல்லா வாட்ஸப் குழுவில் பையனின் படத்தைப் போட்டு "இவன் இன்னார் மகன்" என்று எழுதுவதும் இதில் அடங்கும். ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றும் வேலையைச் சட்டமே செய்கிறது. நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

நலக் குழு என்பது வேறு

இளைஞர் நீதிக் குழுமத்தோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு அமைப்பு குழந்தைகள் நலக் குழு. அதுவும் மாவட்டத்துக்கு ஒன்று. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். எந்தக் குற்றமும் செய்யாத, ஆனால் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கானது அது. வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, கடையில் வேலைக்கு விடப்பட்ட பிள்ளை, ஆதரவற்ற பிள்ளை, அடிபடும் பிள்ளை, பதினெட்டு ஆகும் முன் நிக்காஹ் பேசப்பட்ட பெண் பிள்ளை ஆகியோர் அங்கே போகலாம். பிள்ளை தானாகவே போகலாம். நீங்களும் அழைத்துப் போகலாம். கட்டணம் கிடையாது. 1098 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

கணவரை இழந்த, தலாக் ஆன தாய்மாரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் வாத்ஸல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். எத்தீம் பிள்ளைகளைத் தங்கவைத்து வளர்க்கும் நிலையங்கள் இந்தச் சட்டத்தின்படி பதிவு செய்வது கட்டாயம். நிர்வாகிகள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஜமாஅத்தின் பொறுப்பு

சின்னச் சண்டைகளைப் பள்ளிவாசலில் பேசித் தீர்க்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை மீது பாலியல் கொடுமை நடந்தால் அதை யாரும் பேசி முடிக்க முடியாது. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. "குடும்ப மானம்" என்று சொல்லி அதை மறைத்தால், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நாமும் அநீதி செய்தவர்களாவோம்.

வழக்கில் சிக்கிய பிள்ளைக்கு ஜமாஅத் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வாப்பா ஊரில் இல்லாத வீட்டுக்கு உடன் போக ஒரு பெரியவரை அனுப்பலாம். நன்னடத்தை அலுவலர் கேட்கும்போது பையனைப் பற்றி உண்மையைச் சொல்லலாம். பள்ளியில் மறுபடி சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியரிடம் பேசலாம். தொழுகைக்கு வரும் அவனை முறைத்துப் பார்க்காமல் ஸலாம் சொல்லலாம். ஒதுக்கி வைத்தால் அவனைச் சேர்த்துக்கொள்ள வெளியே வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நல்ல நாளில் மட்டும் பார்த்துக்கொள்வதற்காக அவர்கள் நம்மிடம் தரப்படவில்லை. இந்த இதழைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றையும் எடுத்து, தேதியைச் சரிபார்த்து, இரண்டு நகல் எடுத்து வையுங்கள். 1098, 15100 என்ற இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோருடைய போனிலும் பதியுங்கள். தேவைப்படும் நாளில் தயங்காமல் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், குழுமத்தின் வாசல் வரை உங்களோடு வருவோம்.